ஒரு லோடு என்றால் எவ்வளவு? வீட்டு வேலைக்கு ஜல்லி, எம்-சாண்ட், மண் வாங்கப் போகிறவர்களுக்கு

கொத்தனார் வந்து இடத்தைச் சுற்றிப் பார்ப்பார். "ஒரு லோடு ஜல்லி, ஒரு லோடு எம்-சாண்ட் இறக்கி வைங்க சார், திங்கட்கிழமை ஆரம்பிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். நாமும் தெரிந்த லாரிக்காரர் ஒருவருக்குப் போன் போட்டு "லோடு என்ன விலை?" என்று கேட்போம். அவர் ஒரு தொகை சொல்வார், நாம் ஐந்நூறு குறைக்கச் சொல்வோம், அவரும் குறைப்பார், பேரம் படிந்துவிடும். எத்தனை கன அடி, என்ன சைஸ் ஜல்லி, எந்த கிரஷர் (கல்லை உடைத்து ஜல்லியும் எம்-சாண்ட் என்கிற கல் மணலும் எடுக்கும் ஆலை), எந்த வேலைக்கு என்ற பேச்சே அதில் வந்திருக்காது. முதல்முறையாக வீடு கட்டுபவர்கள், காம்பவுண்டு சுவர் எடுப்பவர்கள், மாடியில் ஓர் அறை போடுபவர்கள் பலருக்குப் பணம் போவது இந்த இரண்டு நிமிடப் பேச்சில்தான்.

லோடு என்பது ஓர் அளவே இல்லை. டிராக்டர் டிரெய்லரில் வருவதும் லோடு, ஆறு சக்கர டிப்பரில் வருவதும் லோடு, பத்து சக்கர டாரஸில் வருவதும் லோடு. ஒரே மாதிரி டிப்பர் என்றாலும் பாடி கட்டியவர் வைத்த உயரத்தைப் பொறுத்து கொள்ளளவு மாறும். அதனால் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அடிப்படையில் ஒன்றுதான்: எந்த வேலைக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள், அதைக் கன அடியில் கணக்குப் போடுங்கள், வண்டி வந்ததும் கொட்டுவதற்கு முன்பே அளந்து பாருங்கள். கொட்டிவிட்ட பிறகு அந்தக் குவியலை வைத்து யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது.

யூனிட், கன அடி, டன்

தமிழ்நாட்டில் ஜல்லி, மணல், மண் எல்லாமே யூனிட் கணக்கு. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, மெட்ரிக்கில் 2.83 கன மீட்டர். பத்தடி நீளம், பத்தடி அகலம் உள்ள ஓர் அறையில் ஓரடி உயரத்துக்கு நிரப்பினால் அது ஒரு யூனிட். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கணக்கு தானாக வந்துவிடும்.

லாரி பாடியை அளப்பதில் ரகசியம் எதுவும் இல்லை. உள்பக்க நீளம், உள்பக்க அகலம், உள்ளே சரக்கு நிற்கும் உயரம், மூன்றையும் அடியில் பெருக்கி 100ஆல் வகுத்தால் யூனிட். 14 அடி நீளம், ஏழரை அடி அகலம் உள்ள பாடியில் சரக்கு 3 அடி உயரத்துக்கு இருந்தால் 315 கன அடி, அதாவது மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல். இதே பாடியில் ஓர் அங்குல உயரம் குறைந்தால் எவ்வளவு போகும்? கிட்டத்தட்ட 9 கன அடி. மூன்று அங்குலம் இறங்கியிருந்தால் ஏறக்குறைய கால் யூனிட் காணோம் என்று அர்த்தம். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வண்டியில் ஏறித்தான் பார்க்க வேண்டும்.

ஏறும்போது ஒரு நீளமான கம்பியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், 8 எம்.எம். கம்பித் துண்டு போதும். சரக்கை நான்கைந்து இடங்களில் குத்திப் பாருங்கள். நடுவில் மட்டும் குத்தாமல் நான்கு மூலைகளிலும் குத்த வேண்டும், ஏனென்றால் நடுவில் கும்பலாகவும் ஓரங்களில் தாழ்வாகவும் நிற்பதுதான் வழக்கம். கம்பி தரையைத் தொட்டதும் எத்தனை அடி இறங்கியது என்று பார்த்துச் சராசரி எடுங்கள். ஜல்லியில் கம்பி சுலபமாக இறங்காது, அதற்குப் பாடியின் வெளிப்புற உயரத்தை அளந்து, மேலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கழித்துக்கொள்ளலாம். சரக்கைப் பாடி மட்டத்துக்குச் சமமாகத் தட்டித்தான் அளக்க வேண்டும் என்று போனிலேயே சொல்லி வைத்துவிட்டால் வாசலில் வாக்குவாதம் வராது.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். கிரஷரில் விளிம்பு வரை ஏற்றிய எம்-சாண்ட் 40, 50 கிலோமீட்டர் குலுங்கி வரும்போது சில அங்குலம் அமுங்கத்தான் செய்யும். அதைப் பார்த்ததும் டிரைவர் வழியில் இறக்கிவிட்டார் என்று சண்டை போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் எடை மேடைச் சீட்டைக் கேளுங்கள். எடை குலுங்கினாலும் குறையாது. எம்-சாண்ட் ஒரு யூனிட் சுமார் 4.75 முதல் 5 டன், 20 எம்.எம். ஜல்லி சுமார் 4.25 டன் என்று வைத்துக்கொள்ளலாம். பாறையைப் பொறுத்தும் ஈரத்தைப் பொறுத்தும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

இந்த எடைக் கணக்கு இன்னொரு விஷயத்தையும் காட்டிக்கொடுக்கும். பத்து சக்கர லாரி சரக்கோடு சேர்த்து 28.5 டன் வரை போகலாம் என்று 2018ல் மத்திய அரசு வரம்பை உயர்த்தியது. வெறும் வண்டியே 10, 11 டன் இருக்கும். மீதி 17 டன் சொச்சம். அப்படியானால் சட்டப்படி அதில் எம்-சாண்ட் மூன்றரை யூனிட்டும் ஜல்லி நான்கு யூனிட்டும்தான் வர முடியும். அதே வண்டியில் "ஆறு யூனிட் போடுறேன்" என்று ஒருவர் சொன்னால் இரண்டில் ஒன்றுதான்: ஒன்று, அளவுக்கு மீறி ஏற்றி வருகிறார். இல்லையென்றால் அவர் சொல்லும் யூனிட் 100 கன அடி இல்லை. இரண்டுமே உங்களுக்கு நல்லதல்ல. அதிக பாரம் ஏற்றிய வண்டி உங்கள் தெருவில் புதைந்திருக்கும் குடிநீர்க் குழாய் மேலும்தான் ஏறி வரும்.

எவ்வளவு தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது

வீட்டு முன்னால் கார் நிறுத்த 20 அடிக்கு 10 அடி இடத்தில் 4 அங்குலத்துக்குக் கான்கிரீட் போடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 20ஐ 10ஆல் பெருக்கி மூன்றால் வகுத்தால், அதாவது 4 அங்குலம் என்பது மூன்றில் ஓரடி, 67 கன அடி வரும். இது போட்டு முடித்த கான்கிரீட்டின் அளவு. உலர்ந்த ஜல்லி, மணல், சிமெண்டு மூன்றையும் கலந்து தண்ணீர் ஊற்றினால் ஜல்லிக்கு இடையே மணலும், மணலுக்கு இடையே சிமெண்டும் புகுந்து மொத்த அளவு சுருங்கிவிடும். அதனால் உலர்ந்த பொருளை 1.54 மடங்கு எடுத்துக்கொள்வது வழக்கம். 67ஐ 1.54ஆல் பெருக்கினால் சுமார் 103 கன அடி.

இப்போது கலவை விகிதம். சிமெண்டு, மணல், ஜல்லி 1:1.5:3 என்றால் மொத்தம் ஐந்தரைப் பங்கு. 103ஐ 5.5ஆல் வகுத்தால் ஒரு பங்கு சுமார் 18.7 கன அடி. சிமெண்டு 18.7 கன அடி, ஒரு மூட்டை 1.226 கன அடி என்பதால் 15, 16 மூட்டை. எம்-சாண்ட் 28 கன அடி. ஜல்லி 56 கன அடி. சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தாலும் எம்-சாண்ட் மூன்றில் ஒரு யூனிட்டைத் தாண்டாது, ஜல்லி முக்கால் யூனிட்டுக்குள் அடங்கிவிடும். இதற்குத்தான் "ஒரு லோடு ஜல்லி, ஒரு லோடு மணல்" என்று சொன்னார்கள். கொத்தனார் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை, வேலை நடுவில் சரக்கு தீர்ந்து ஆட்கள் சும்மா நிற்கக் கூடாது என்பது அவர் கவலை. ஆனால் மீதியாகும் இரண்டு யூனிட் உங்கள் பணத்தில் வாங்கியது.

பூச்சு வேலைக்கு இன்னும் சுலபமான கணக்கு உண்டு. அரை அங்குலப் பூச்சு, 1:5 கலவை என்றால் நூறு சதுர அடிக்குச் சுமார் 5 கன அடி பி-சாண்ட், அதாவது பூச்சுக்கான நைஸ் கல் மணல். 60 அடி நீளம், 5 அடி உயரம் உள்ள சுவரை இரண்டு பக்கமும் பூசினால் 600 சதுர அடி, 30 கன அடி போதும். சுவர் கோணலாக இருந்தால் கூடுதலாக இழுக்கும், அதைச் சுவரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சின்ன அளவு என்றதும் எல்லோருக்கும் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி நினைவுக்கு வரும். அதன் சுமை முக்கால் டன் அளவுதான், ஜல்லியில் கணக்குப் போட்டால் பதினாறு, பதினேழு கன அடி. அரை யூனிட் ஜல்லியே இரண்டு டன் தாண்டும் என்பதால் அதற்கு மினி டிப்பரோ டிராக்டரோ பேசுவதுதான் சரி. நாலைந்து மூட்டை போதும் என்கிற வேலைக்கு ஹார்டுவேர் கடையிலேயே சாக்கில் கட்டித் தருவார்கள். கன அடிக்கு விலை கூடத்தான், ஆனால் மொத்தச் செலவு குறைவு.

ஜல்லி

சைஸ்தான் முதல் கேள்வி. 40 எம்.எம். என்பது ஒன்றரை இஞ்சு ஜல்லி. அஸ்திவாரக் குழிக்கு அடியில் போடும் கம்பியில்லாத கான்கிரீட்டுக்கும், தரைக்கு அடியில் போடும் கான்கிரீட்டுக்கும், மழைநீர் சேகரிப்புக் குழிக்கும் அது. 20 எம்.எம். என்பது முக்கால் இஞ்சு. தளம், பில்லர், பீம் எல்லாவற்றுக்கும் இதுதான். 12 எம்.எம். அரை இஞ்சு, 6 எம்.எம். சிப்ஸ்.

ஏன் இத்தனை சைஸ்? கம்பிகளுக்கு இடையே ஜல்லி புகுந்து போக வேண்டும். கம்பியும் கம்பியும் நெருக்கமாக இருக்கும் பீம் மூலையில் பெரிய ஜல்லி மேலேயே தங்கி, கீழே வெற்றிடம் விழும், சென்ட்ரிங் பிரித்ததும் அங்கே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ஜல்லியின் சைஸ் போடப்போகும் கான்கிரீட் கனத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456. கம்பி இடைவெளியைவிட 5 எம்.எம். குறைவாக இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. மூன்று அங்குல லாஃப்ட் பலகைக்கு 20 எம்.எம். ஜல்லியை ஏன் தவிர்த்து 12 எம்.எம். போடுகிறார்கள் என்பது இதிலிருந்தே புரியும். 20 எம்.எம். ஜல்லியோடு 12 எம்.எம். ஜல்லியையும் கலந்து போடுவது இன்னும் நல்லது. பெரிய கல்லுக்கு இடையிலுள்ள சந்தைச் சின்னக் கல் நிரப்பிவிடும், மணலும் சிமெண்டும் மிச்சமாகும். 60க்கு 40 என்பது பலர் பின்பற்றும் அளவு.

வந்த ஜல்லியை ஒரு கை அள்ளிப் பாருங்கள். எல்லாப் பக்கமும் கிட்டத்தட்ட ஒரே கனமாக, முனைகள் கூராக இருந்தால் நல்ல ஜல்லி. சில்லு சில்லாக, சப்பையாக, விரல்போல் நீளமாக நிறைய இருந்தால் வேண்டாம். சப்பைக் கல் கான்கிரீட்டில் படுத்துக்கொண்டு கலவையைச் சேர விடாது, பாரம் வரும்போது சுலபமாக உடையவும் செய்யும். கையில் பொடி அப்பினால் கலக்கும் முன் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்தப் பொடி கல்லுக்கும் சிமெண்டுக்கும் நடுவே படலமாக உட்கார்ந்துவிடும். மஞ்சளாக, கையால் நசுக்கினாலே உதிரும் கல் இருந்தால் அது பாறையின் மேல்தோல், உளுத்தது. அதைத் தளத்துக்கு ஒருபோதும் போடாதீர்கள்.

எம்-சாண்ட், பி-சாண்ட், டஸ்ட்

அதிகம் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எம்-சாண்ட் என்பது கருங்கல்லை மணல் ஆக்குவதற்கென்றே அரைத்து, சலித்து, பெரும்பாலும் தண்ணீரில் கழுவி எடுப்பது. கல்லைக் கல்லோடு மோதவிடும் விஎஸ்ஐ என்கிற இயந்திரத்தில் அரைப்பதால் துகள் ஓரளவு கனசதுரமாக வரும். 4.75 எம்.எம். சல்லடையில் இறங்கும் அளவு. கான்கிரீட்டுக்கும் செங்கல் கட்டுக்கும் இது. பி-சாண்ட் அதைவிட நைசானது, பொதுவாக 2.36 எம்.எம்.க்குக் கீழ், பூச்சு வேலைக்கு மட்டும். கிரஷர் டஸ்ட் என்பதோ ஜல்லி உடைக்கும்போது கீழே மிச்சமாக விழும் தூள். துகள் சப்பையாக, பொடி அதிகமாக, கழுவப்படாமல் இருக்கும். விலை மிகக் குறைவு. மூன்றும் சாம்பல் நிறம், குவித்து வைத்தால் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தெரியும்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? பி-சாண்டையோ டஸ்டையோ தளக் கான்கிரீட்டுக்குப் போட்டால் நைஸ் தூள் தண்ணீரை உறிஞ்சும், கலவை இறுகலாக இருக்கிறதென்று சித்தாள் இன்னும் இரண்டு வாளி ஊற்றுவார், தண்ணீர் கூடக் கூட வலிமை குறையும், காய்ந்ததும் வெடிப்பு விழும். எம்-சாண்டை அப்படியே பூச்சுக்குப் போட்டால் சுவர் சொரசொரப்பாக வந்து, பட்டி பார்க்கும்போது அந்தச் செலவு இரட்டிப்பாகும்.

டஸ்டா எம்-சாண்டா என்று சோதிக்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். மூன்றில் ஒரு பங்கு மணல் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து நன்றாகக் கலக்கி மேசைமேல் அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிடும், தூள் மெல்ல மெல்ல இறங்கி அதன் மேல் தனிப் படிவாக நிற்கும். மூன்று மணி நேரம் கழித்து அந்தப் படிவின் கனத்தைப் பாருங்கள். ஆற்று மணலாக இருந்தால் எட்டு சதவீதத்துக்கு மேல் வண்டல் இருக்கக் கூடாது என்பது கட்டுமானத் துறையில் நெடுநாளாக உள்ள வழக்கம். எம்-சாண்டில் கொஞ்சம் கல்தூள் இருப்பது இயல்பு, ஐஎஸ் 383 தரநிலையின் 2016 பதிப்பு 75 மைக்ரானுக்கும் நைசான தூளை எடையில் 15 சதவீதம் வரை அனுமதிக்கிறது. காரணம், அது களிமண் இல்லை, கல்தான். ஆனால் டம்ளரில் பாதி மணல், பாதி தூள் என்று நின்றால் கேள்விக்கே இடமில்லை, அது டஸ்ட்.

டம்ளர் இல்லாத நேரத்தில் உள்ளங்கை இருக்கிறது. ஈரமான எம்-சாண்டை இறுக்கிப் பிடித்து உதறுங்கள். கை ஓரளவு சுத்தமாக வந்தால் சரி. பசைபோல ரேகைகளில் ஒட்டிக்கொண்டு தேய்த்தாலும் போகாவிட்டால் தூள் அதிகம்.

தமிழ்நாட்டில் எம்-சாண்ட் ஆலைகளைப் பொதுப்பணித்துறை சோதித்துத் தகுதிச் சான்று தருகிறது, எம்-சாண்டுக்கென்று 2023ல் அரசு தனிக் கொள்கையும் வெளியிட்டது. விற்பவரிடம் "எந்த ஆலைச் சரக்கு, பொதுப்பணித்துறைச் சான்று இருக்கா?" என்று கேளுங்கள். சரியான சரக்கு விற்பவருக்கு இந்தக் கேள்வியில் கோபம் வராது, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்.

ஈரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லேசாக நனைந்த மணலில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் தண்ணீர்ப் படலம் சூழ்ந்து துகள்களை விலக்கி வைக்கும், அதனால் மணல் உப்பும். ஐந்து சதவீத ஈரமே அளவைக் கால் பங்கு உப்ப வைத்துவிடும், நைஸ் மணலாக இருந்தால் இன்னும் கூட. முழுக்க நனைத்தால் பழைய அளவுக்கே இறங்கிவிடும் என்பதுதான் இதில் ஆச்சரியம். ஆக ஈர மணலைக் கன அடியில் வாங்கினால் காற்றுக்கும், டன்னில் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். கழுவிய எம்-சாண்ட் ஈரமாகத்தான் வரும், அதைத் தவிர்க்க முடியாது. வண்டியின் அடியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே வந்து நிற்கிறது என்றால் மட்டும் விலையைப் பேசுங்கள். வேலை நடக்கும்போதும் இது முக்கியம்: ஈர மணலைப் பெட்டி கணக்கில் அளந்து போட்டால் கலவையில் உண்மையான மணல் குறைந்துவிடும், பொறியாளர் இருந்தால் அதற்கேற்பக் கூட்டிப் போடச் சொல்வார்.

நிரப்பு மண்ணும் தோட்ட மண்ணும்

இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்கு நல்லது மற்றதற்குக் கெடுதல்.

வீட்டுத் தரைக்கு அடியில் வரும் பேஸ்மென்ட் நிரப்ப கிராவல் எனப்படும் சரளை மண் நல்லது. சிறு கற்களும் செம்மண்ணும் கலந்திருப்பதால் தண்ணீர் விட்டு இடித்தால் கெட்டியாக உட்காரும். கரிசலும் களிமண்ணும் வேண்டவே வேண்டாம். அவை மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும், மேலே போட்ட டைல்ஸ் அதோடு சேர்ந்து ஏறி இறங்கி வெடிக்கும். பழைய கட்டட இடிபாடு மலிவாகக் கிடைக்கிறதென்று மரத்துண்டு, பிளாஸ்டிக்கோடு கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மரம் மக்கினால் பள்ளம் விழும், கரையானும் வரும்.

மண் அமுங்கும் என்பதைக் கணக்கில் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 12 அடிக்கு 15 அடி அறையை 2 அடிக்கு நிரப்ப 360 கன அடி. இடித்ததும் அமுங்குவதற்குக் கால் பங்கு கூட்டினால் 450, அதாவது நாலரை யூனிட். ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் தண்ணீர் விட்டால் அடியில் பொருபொருவென்றே இருக்கும், இரண்டு வருடம் கழித்துத் தரை தொங்கும். அரையடி, முக்காலடி கனத்துக்கு ஒரு படிவாகப் பரப்பி, நனைத்து, திமிசுக் கட்டையாலோ வாடகைக்குக் கிடைக்கும் இடிப்பு இயந்திரத்தாலோ இடித்து, அப்புறம் அடுத்த படிவு.

தோட்டத்துக்கு வருவது மேல்மண்ணாக இருக்க வேண்டும். பத்தடி ஆழத்தில் தோண்டி எடுத்த செம்மண் பார்க்கச் செக்கச்செவேல் என்று இருக்கும், அதில் சத்து இருக்காது. அதோடு தொழுவுரமும் கொஞ்சம் மணலும் கலந்தால்தான் செடி வரும். ஏரி வண்டல் மண் அருமையானது, ஆனால் அதோடு கோரைக் கிழங்கும் சேர்ந்து வந்துவிடும், ஒரு முறை தோட்டத்தில் நுழைந்தால் கோரையை ஒழிக்க வருடக்கணக்கில் ஆகும். கொட்டும் முன் கைப்பிடி எடுத்து நொறுக்கிப் பார்த்தால் கறுப்பாக, கடலை அளவில் கிழங்கு தெரியும். மேலே வெள்ளையாக உப்புப் பூத்த மண்ணை எடுக்காதீர்கள். நிறைய வாங்குவதாக இருந்தால் அரை கிலோ மண்ணை எடுத்து வேளாண்துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள், கட்டணம் சொற்பம். தென்னங்கன்றுக்கு மூன்றடி நீள, அகல, ஆழக் குழி என்றால் 27 கன அடி, பத்துக் குழிக்கே 270. ஆனால் தோண்டிய மேல்மண்ணையே உரத்தோடு கலந்து திரும்பப் போடலாம் என்பதால் அவ்வளவும் வாங்கத் தேவையில்லை.

போனில் என்ன பேசுவது

"லோடு என்ன விலை" என்று ஆரம்பிக்காதீர்கள். "அண்ணே, 20 எம்.எம். ஜல்லி 100 கன அடி வேணும், பாடி மட்டத்துக்குத் தட்டி அளந்து எடுத்துக்குவேன், வீட்டில் இறக்கி ஜிஎஸ்டியோட என்ன விலை? பில்லும் நடைச்சீட்டும் வேணும்" என்று ஆரம்பியுங்கள். இந்த ஒரு வாக்கியத்திலேயே உங்களுக்கு விஷயம் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிடும். குறைந்தது மூன்று பேரிடம் இதே வாக்கியத்தைச் சொல்லி விலை கேளுங்கள். விலையில் பெரும்பகுதி வண்டி ஓடும் தூரம்தான். கிணத்துக்கடவு பக்கமோ க.பரமத்தி பக்கமோ கிரஷர்களுக்கு அருகில் இருப்பவருக்குக் கிடைக்கும் விலை சென்னை நகருக்குள் இருப்பவருக்குக் கிடைக்காது. ஆனால் மூவரில் ஒருவர் மட்டும் மிகக் குறைத்துச் சொன்னால், குறைந்தது விலையா அளவா என்று பாருங்கள்.

நடைச்சீட்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். குவாரியிலிருந்து கல், மண் எது கிளம்பினாலும் அதற்கான சீட்டோடுதான் வண்டி வர வேண்டும். சீட்டில் வண்டி எண், தேதி, நேரம், அளவு இருக்கும். வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில்லாத வண்டியைப் பறிமுதல் செய்யச் சட்டம் இடம் தருகிறது, வண்டி உங்கள் வாசலில் நிற்கும்போது பிடிபட்டால் உங்கள் வேலையும் நின்றுவிடும். அதைவிடப் பெரிய காரணம், சீட்டில்லாத மண் பெரும்பாலும் ஏதோ ஓர் ஏரிக்கரையையோ ஆற்றுப் படுகையையோ குடைந்து எடுத்தது. அந்த ஊரின் கிணறு வற்றுவதில் நமக்கும் பங்கு வந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குவாரிக்குள் தண்ணீர் நிற்கும், வண்டி வராது, விலையும் ஏறும். தளம் போடும் நாள் அந்த மாதங்களில் விழுந்தால் புரட்டாசியிலேயே சரக்கை இறக்கிவிடுங்கள். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் ஒட்டி டிரைவர்கள் ஊருக்குப் போய்விடுவதையும் கணக்கில் வையுங்கள்.

வண்டி வரும் நாள்

நகரங்களில் பகலில் கனரக வண்டிக்குத் தடை இருப்பதால் லோடு ராத்திரியிலோ விடியற்காலையிலோதான் வரும். தூக்கக் கலக்கத்தில் "கொட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிடாமல் டார்ச், டேப், கம்பி மூன்றையும் வாசலில் எடுத்து வைத்துவிட்டுப் படுங்கள். டிப்பர் பாடி தூக்கும்போது இரண்டு மாடி உயரத்துக்குப் போகும், மேலே மின்கம்பி இருந்தால் அந்த இடத்தில் கொட்டவே கூடாது, உயிர் போகும் விஷயம். செப்டிக் டேங்க், சம்ப் மூடி மேல் சக்கரம் ஏறாமல் ஒரு செங்கல் வரிசை வைத்துக் காட்டிவிடுங்கள்.

கொட்டும் இடத்தைத் தீர்மானிக்காமல் விட்டால் டிரைவர் தனக்கு வசதியான இடத்தில், அதாவது ரோட்டில், கொட்டிவிடுவார். அப்புறம் அதை உள்ளே அள்ளிப்போட ஆள் கூலி. ஜல்லியும் மணலும் தனித்தனிக் குவியலாக, நடுவே நான்கடி இடைவெளியோடு இருக்கட்டும். வெறும் மண் தரையில் கொட்டினால் அடியில் நான்கு விரல்கடை மண்ணோடு கலந்து வீணாகிவிடும், பழைய பிளெக்ஸ் பேனர் விரித்தாலே போதும். மணல் குவியலைச் சுற்றி இரண்டு வரிசை செங்கல் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள், இல்லையென்றால் ஒரே மழையில் நைஸ் துகள் எல்லாம் சாக்கடைக்குப் போய் அடைத்துக்கொள்ளும், தெருநாயும் பூனையும் பாக்கியை அசுத்தம் செய்யும்.

மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். முன்பணம் கொஞ்சம், அளந்து சரிபார்த்துக் கொட்டிய பிறகு மீதி. பெரிய வேலையாக இருந்தால் எல்லாச் சரக்கையும் ஒரே நேரத்தில் இறக்காமல், முதல் லோடில் தரமும் அளவும் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள். கடைசி லோடு மட்டும் அரை லோடாகவே இருக்கட்டும். அதற்குமேல் பத்து, பதினைந்து கன அடி குறைந்தால் மினி டிப்பரிலோ மூட்டையிலோ வாங்கிக்கொள்ளலாம். வேலை முடிந்து மிஞ்சும் 40 எம்.எம். ஜல்லியை மழைநீர்க் குழிக்கு ஒதுக்கி வையுங்கள், வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்துவிட்டதால் அந்தக் குழி எப்படியும் தோண்டத்தான் வேண்டும்.